அரசு மானியமும் நம் பெண்மக்களின் படிப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை

நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொடையாளர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். நிலம் தந்தவர் யார், அடிக்கல் நாட்டியவர் யார், முதல் கட்டடத்திற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பன கல்வெட்டிலும் ஆண்டு மலரிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. மர்ஹூம்களான அப்பெருமக்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. எனினும், கட்டடம் எழுந்த பின்னர் இத்தனை ஆண்டுகளாக ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் கொடுத்து வந்தது யார் என்ற கேள்வியை அந்த மலர்கள் கேட்பதில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அந்த ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தது. அதாவது வரி செலுத்திய எல்லா மக்களிடமிருந்தும் வந்தது. அந்த மானியம் எப்போது, எந்த நிபந்தனையோடு வந்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்பதை இங்கே பார்க்க விழைகிறோம். அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதே நமக்குள்ள கவலை.

மானியத்திற்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குவோம். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். வந்த கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அம்மாணவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே.

இந்தச் சிறிய எண்ணுக்குள் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் ஆட்சியர் அனுப்பிய கணக்கில் பள்ளியில் படித்த முஸ்லிம் ஆண்பிள்ளைகள் 3,196 பேர். முஸ்லிம் பெண்பிள்ளைகள் 1,122 பேர். மூன்று ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பெண்பிள்ளைக்கும் மேல். முஸ்லிம் பெண்கல்வி என்பது ஆங்கிலேயர் வந்து கற்றுக்கொடுத்த புதுவழக்கம் என்று இன்றும் நம்மிடையே பேசுவோர் உள்ளனர். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த அரசுக் கணக்கேடு அவர்களுக்கு மறுமொழி சொல்கிறது. அப்பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் ஓதற்கல்வியாக இருந்திருக்கலாம். அதற்காக அவர்கள் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் அல்லர் என்றாகிவிடாது.

அன்றைய பள்ளிகளுக்கு அரசு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை என்பதே பெரும்பாலும் விடை. அக்காலத்தில் மாகாணத்துக்கு உட்பட்டிருந்த பெல்லாரியின் ஆட்சியர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையில், தம் மாவட்டத்திலுள்ள 533 பள்ளிகளுள் ஒன்றுகூட அரசின் உதவியைப் பெறவில்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்தார். முந்தைய ஆட்சிகளில் நிலமாகவும் மானியமாகவும் கிடைத்துவந்த ஆதரவு மறைந்துவிட்டது, மக்களும் வறுமையுற்றனர், பிள்ளைகள் பள்ளியைவிட்டு நின்றனர். ஆசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகளிடமிருந்து கிடைப்பது மாதம் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டுவது அரிது என்று மன்றோவும் குறிப்பிட்டார்.

மன்றோ ஒரு திட்டமும் வகுத்தார். ஒவ்வோர் ஆட்சியர் தலத்திலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு பள்ளிகள். அதற்குக் கீழே தாசில்தார் தலங்களில் 300 பள்ளிகள். ஆட்சியர் தலப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தார் தலப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். பாடநூற் சங்கத்திற்கான 700 ரூபாயும் சேர்த்து, மாகாணம் முழுமைக்கும் மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய். முஸ்லிம் பள்ளிகள் இருபதுக்கும் சேர்த்து மாதம் 300 ரூபாய். பொதுப்பணத்திலிருந்து நம் பிள்ளைகளின் படிப்புக்கென்று இம்மாகாணத்தில் கணக்கிட்டு எழுதப்பட்ட தொடக்ககாலத் தொகைகளுள் அது ஒன்று. 1827இல் வாந்திபேதியால் மன்றோ இறந்தார். தொடங்கிய பள்ளிகளும் ஏறத்தாழப் பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டன. அந்தத் திட்டத்திலும் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவைப்போம்.

இன்று நாம் அறிந்த மானிய முறையின் வித்து 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையில் இருக்கிறது. எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த இயலாது. உள்ளூர் மக்கள் பள்ளியை அமைத்து நடத்தட்டும். நல்ல உலகியற் கல்வி தரும் பள்ளிக்கு, அதை நடத்துவோர் எந்தச் சமயத்தவராயினும், அரசு பொருளுதவி செய்யும். பதிலுக்குப் பள்ளி அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். மாணவரிடம் சிறிதளவேனும் கட்டணம் பெற வேண்டும். நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் நம் தாளாளர்கள் கல்வித்துறை அலுவலகத்தில் நீட்டும் கோப்புகளின் அடிப்படை இதுவே.

இந்த வாய்ப்பை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கிறித்தவ மிஷன்கள். அவர்களிடம் பள்ளியும் ஆசிரியரும் கணக்கெழுதும் பழக்கமும் ஏற்கெனவே இருந்தன. நம்மவர்கள் ஒதுங்கி நின்றனர். அதற்கு மார்க்கப்பற்று மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மை. ஆய்வாளர் விரும்பும் பாடத்திட்டம், தகுதி பெற்ற ஆசிரியர், பதிவேடு ஆகியவை நம் மக்தபுகளில் இல்லை. 1860களில் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் தரும் முறையும் வந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறிய பாடத்திற்கு இவ்வளவு என்று பணம். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் சிறு பள்ளிக்கு அது கொடுமையான முறை. அறுவடைக் காலத்தில் பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் பட்டினி. கர்சன் காலத்தில், 1904இல், இந்திய அரசே அம்முறையைக் குறைகூறிக் கைவிடச் சொன்னது.

முஸ்லிம்கள் பின்தங்குவதை ஆட்சியாளர்கள் கண்டுகொள்ளாமல் இருந்தனர் என்று கூறிவிட முடியாது. 1871இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு இதுகுறித்துத் தீர்மானம் வெளியிட்டது. 1872இல் ஹோபார்ட் பிரபு ஆளுநராக இருந்த சென்னை அரசு, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் அவர்களுக்கெனத் தொடக்கப் பள்ளிகளையும் வகுப்புகளையும் இந்துஸ்தானி மொழியில் ஏற்படுத்த ஆணையிட்டது. 1882இல் ஹண்டர் ஆணையம், முஸ்லிம் கல்விக்கெனச் செய்யும் தனி ஊக்கம் உள்ளாட்சி, நகராட்சி, மாகாண நிதிகளின் மேல் நியாயமாக விழும் பொறுப்பே என்று பரிந்துரைத்தது.

ஆயின் 'இந்துஸ்தானி மொழியில்' என்ற அந்தச் சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். சென்னைத் திருவல்லிக்கேணிக்கும் வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் அது பொருந்தும். காயல்பட்டினத்திற்கும் கீழக்கரைக்கும் நாகூருக்கும் உத்தமபாளையத்திற்கும் அது என்ன செய்யும்? அவ்வூர்களில் வீட்டுமொழி தமிழ். மார்க்க நூல்கள் அரபுத்தமிழில். வீட்டுக்குள் இருந்தபடியே அரபுத்தமிழ் நூல்களை வாசித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வூர்களில் இருந்தனர். 'முஸ்லிம் பள்ளி' என்றால் உருதுப் பள்ளி என்று கோட்டையில் இருந்தோர் எழுதிய ஆணைக்குள் அந்தப் படிப்புக்கு இடமில்லை. தமிழ் முஸ்லிம்களுக்கும் அரசு மானியத்திற்கும் இடையே நீண்டகாலம் நிலவிய தொலைவுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

அக்காலத்தின் ஒரு நற்சின்னம் சென்னை இராயப்பேட்டையில் ஹோபார்ட் பெயரைத் தாங்கி இன்றும் நடைபெறும் முஸ்லிம் பெண்களுக்கான அரசுப் பள்ளி. ஆனால் அதைப்போல ஊர்தோறும் எழவில்லை. 1902இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் தோன்றிற்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்லூரியாக மாற்றிய அம்மக்களின் துணிவு பெரிது. சென்னையில் அரசே முகம்மதியர் கல்லூரி ஒன்றை நடத்தியது. இவை எல்லாம் ஆண்களுக்கு. இதே காலத்தில் பிறர் செய்ததைப் பார்ப்போம்: 1914இல் சென்னையில் அரசு தொடங்கிய மகளிர் கல்லூரி பின்னர் இராணி மேரிக் கல்லூரி ஆயிற்று, 1915இல் மகளிர் கிறித்தவக் கல்லூரி, 1923இல் திருச்சியில் ஹோலி கிராஸ், 1948இல் மதுரையில் லேடி டோக். இங்கெல்லாம் பெண்களுக்கான ஆசிரியப் பணியிடங்கள் பொதுப்பணத்தின் ஆதரவோடு நிலைபெற்றுவந்த காலத்தில், நம்மிடையே பெண்ணை வாசலுக்கு வெளியே அனுப்பலாமா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பு வந்தது. அதில் நம்மவர் பலர் அறிந்திருப்பது 30ஆம் பிரிவை மட்டுமே. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம். மானியம் வழங்குவதில் அவர்கள் என்பதற்காக அரசு பாகுபாடு காட்டக் கூடாது. உடன் வைத்துப் படிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. 29ஆம் பிரிவின்படி அரசு உதவி பெறும் நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது. 28ஆம் பிரிவின்படி முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. ஆனால் உதவி பெறும் தனியார் பள்ளியில் உரியவரின், அல்லது பெற்றோரின் சம்மதத்தோடு அது நடக்கலாம். மானியம் வாங்கினால் தீனியாத் வகுப்பு போய்விடும் என்று அஞ்சிய பெரியவர்கள் இருந்தனர். அவ்வச்சத்திற்குச் சட்டத்தில் இடமில்லை.

1951 முதல் 1971 வரையிலான இருபதாண்டுகள் நம் கல்வி வரலாற்றின் செழிப்பான காலம். சென்னையில் புதுக்கல்லூரியும், ஹாஜி ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் முன்னின்று உருவாக்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் தோன்றின. 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி. 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. 1965இல் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி. 1969இல் ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. 1970இல் இளையான்குடி ஜாகிர் உசேன் கல்லூரி. 1971இல் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. நிலமும் கட்டடமும் நூலகமும் சமுதாயம் தந்தது. ஆசிரியர் ஊதியத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. இந்த ஏற்பாடு இல்லையெனில், எவ்வளவு பெரிய வணிகராலும் ஒரு கல்லூரியின் சம்பளப் பட்டியலை இருபது ஆண்டுகளுக்குத் தாங்கியிருக்க முடியாது.

மேலே சொன்னவற்றுள் பெரும்பாலானவை ஆண்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை. விதிவிலக்காக நிற்பது, நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் மூலம் சென்னையில் நிறுவிய மகளிர் கல்லூரி. 'சயட் கல்லூரி' என்று ஊரார் அழைத்த அதற்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. மானியக் கதவு திறந்திருந்த காலத்தில் பெண்களுக்காக அக்கதவைத் தட்டிய மிகச்சிலருள் அவர் ஒருவர். இந்த ஒரு காரணத்திற்காகவே அவரை நாம் இன்னும் அதிகமாக நினைவுகூர வேண்டும்.

பள்ளிக்கல்வியில் நடந்தது வேறு. 1956இல் தொடங்கிய மதிய உணவும், 1964இல் பள்ளியிறுதி வகுப்பு வரை வந்த கட்டணமற்ற கல்வியும் ஆண், பெண் பார்க்காமல் எல்லா வீடுகளுக்கும் சென்றன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடியொற்றிச் சச்சார் குழு 2006இல் தந்த அறிக்கை, தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு என்று காட்டியது. அப்போது மாநிலத்தின் மொத்த அளவு 73.5. இந்திய முஸ்லிம்களின் அளவோ 59.1. இப்பெருமையில் நம் நிறுவனங்களுக்குப் பங்குண்டு. ஆயினும் நம் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் படித்தது அரசுப் பள்ளிகளிலும் நகராட்சி, ஒன்றியப் பள்ளிகளிலும் பிறர் நடத்திய உதவி பெறும் பள்ளிகளிலும்தாம். நன்றியை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

பின்னர் கதவு மூடத் தொடங்கியது. 1973இல் தனியார் பள்ளிகளுக்கும் 1976இல் தனியார் கல்லூரிகளுக்கும் தமிழக அரசு ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றியிருந்தது. 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. கலைக் கல்லூரிகளிலும் புதியன எல்லாம் சுயநிதி என்ற நிலை படிப்படியாக வந்தது. பள்ளிகளைப் பொறுத்தவரை, 1991-92 கல்வியாண்டுக்குப் பின் தொடங்கப்படும் தனியார் பள்ளிக்கும் புதிதாகத் திறக்கப்படும் வகுப்புக்கும் மானியம் கோர உரிமை இல்லை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. மானியம் என்பது அடிப்படை உரிமையன்று, அரசின் கொள்கை முடிவு என்பதை உச்ச நீதிமன்றமும் 2021இல் தெளிவுபடுத்தியது.

நம் பெண்கள் உயர்கல்விக்குப் பெருந்திரளாக வரத் தொடங்கியது எப்போது? சரியாக இந்தக் காலத்தில்தான். கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் எழுந்தது. காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா மகளிர் கல்லூரி 2006இல். இவற்றை நிறுவியோரின் நோக்கமும் உழைப்பும் போற்றத்தக்கவை. பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கிய எத்தனையோ தந்தையர் உள்ளூரில் கல்லூரி வந்ததால் சம்மதித்தனர். ஆனால் அவை பிறந்தபோது மானியக் கதவு மூடப்பட்டிருந்தது, அல்லது மூடிக்கொண்டிருந்தது. பழைய உதவி பெறும் கல்லூரிகள் சிலவற்றிலும் பெண்களுக்கான வகுப்புகள் பிற்பகலில், சுயநிதிப் பிரிவாகவே வந்தன. ஆகவே ஒரே வீட்டில், ஒரே பாடத்தை, ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் படித்த அண்ணனுக்கு ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுத்தது. தங்கைக்குத் தந்தை கொடுக்கிறார். அந்தத் தந்தை கொடுக்க இயலாதவராயின் தங்கையின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. முப்பது ஆண்டு தாமதத்தின் விலை இது. அதைச் செலுத்துவோர் தாமதித்தவர்கள் அல்லர்.

ஆசிரியர் பக்கமும் ஒரு சொல். ஒரே கட்டடத்தில் காலையில் கற்பிக்கும் மானியப் பணியிட ஆசிரியரும் பிற்பகலில் கற்பிக்கும் சுயநிதி ஆசிரியரும் பெறும் ஊதியத்திற்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பிற்பகல் ஆசிரியர்களுள் கணிசமானோர் நம் வீட்டுப் பட்டதாரிப் பெண்கள். மறுபுறம், அரசு ஊதியம் கிடைக்கும் ஓரிடம் காலியானால் அதற்கு 'நன்கொடை' கேட்கும் வழக்கம் தமிழகத்து உதவி பெறும் நிறுவனங்கள் பலவற்றில் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. நம் நிறுவனங்கள் அனைத்தும் இதற்கு அப்பாற்பட்டவை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வோர் இருந்தால் மகிழ்வோம். பொதுப்பணம் அமானிதம், அதன் வாசலில் காசு வாங்குவதற்கு மார்க்கத்தில் வேறு பெயர் உண்டு.

இப்போது எஞ்சியிருப்பவை 1991க்கு முந்திய உதவி பெறும் பள்ளிகள். பள்ளிவாசலை ஒட்டிய தெருவில், ஓட்டுக் கட்டடத்தில், ஐந்தாம் வகுப்பு வரையிலோ எட்டாம் வகுப்பு வரையிலோ நடக்கும் அப்பள்ளிகளை நம் குடும்பங்கள் மெல்ல விட்டுப் போகின்றன. ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் வாசலுக்கே வருகிறது. கழுத்துப்பட்டையும் காலணியும் சேர்த்துத் தருகிறார்கள். பெற்றோரைக் குறைகூற நமக்கு மனமில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடம்கூடச் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், நம்மவர் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் நம் ஏழைக்கு அந்த வழியும் இல்லை. பிறகு அவ்வேழையின் மகள் எங்கே படிப்பாள்? அந்த ஓட்டுக் கட்டடத்தில்தான்.

அங்கே ஆண்டுதோறும் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. ஆகஸ்டு முதல் நாளன்று வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளின் பெயர் இருக்கிறதோ, அதைக் கொண்டே எத்தனை ஆசிரியர் என்பதை அரசு முடிவு செய்யும். பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆவார். பணியிடம் அரசுக்குத் திரும்பும். ஆசிரியர் குறைந்தால் அடுத்த ஆண்டு பிள்ளைகளும் குறைவர். கடைசியில் ஒரு நாள் பள்ளி மூடப்படும். மூடிய பள்ளிக்கு ஈடாக மானியத்தோடு இன்னொன்றை இனி எந்த ஜமாஅத்தாலும், எந்தச் செல்வராலும் தொடங்க முடியாது. சட்டம் இடம் தராது. எனவே தாளாளர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் மே, ஜூன் மாதங்களில் வீடு வீடாகச் சென்று முதல் வகுப்புச் சேர்க்கைக்குக் கேட்கும் ஊர்களில் இப்பள்ளிகள் இன்னும் மூச்சுவிடுகின்றன. அப்படிக் கேட்கச் செல்லாத ஊர்களில் பதிவேட்டின் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாகிக்கொண்டிருக்கிறது.